லிவிட்: கன்றிப்போன ஒரு சொல்

கேள்வி இதுதான்: "'லிவிட்' என்ற ஆங்கிலச் சொல்லை மூன்று இடங்களில் பார்த்தேன். ஒரு செய்தியில், பள்ளி வேன் தன் குழந்தையை விட்டுவிட்டுப் போனதால் அப்பா 'லிவிட்' ஆனார் என்று இருந்தது. ஒரு சிறுகதையில் கன்னத்தில் 'லிவிட்' தழும்பு. ஒரு பழைய நாவலில் 'அவன் முகம் லிவிட்டாக இருந்தது' என்று மொட்டையாக ஒரு வரி. அகராதியைப் பார்த்தால் கடுங்கோபம், ஈய நிறம், வெளிறிய, சிவந்த என்று நாலு அர்த்தம் போட்டிருக்கிறது. ஒரே சொல் எப்படி நீலம், வெள்ளை, சிவப்பு எல்லாமாக இருக்க முடியும்? நான் எதை எடுத்துக்கொள்வது?"

முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிடலாம். அப்பாவுக்குக் கடுங்கோபம். தழும்புக்குக் கோபம் வராது. அது கன்றிய நிறத்தில் இருக்கிறது. மூன்றாவது வரிதான் விவகாரம் பிடித்தது. அதில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு அங்கே வருகிறேன்.

இந்தச் சொல்லை அகராதியில் படிப்பதைவிட முழங்காலில் படிப்பது சுலபம். போன மாதம் ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் போடும்போது கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் நல்ல அடி. அன்று சாயங்காலம் அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் பார்த்தால் சிவப்பைக் காணோம். நாவல்பழம் நசுங்கிய மாதிரி ஊதாவும் கறுப்பும் கலந்து, ஓரத்தில் மட்டும் மழை மேகம் போல ஒரு சாம்பல் நீலம். நாலைந்து நாளில் அது பச்சையாக மாறியது, அப்புறம் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. தோலுக்கு அடியில் கசிந்து தேங்கிய ரத்தத்தை உடம்பு உடைத்து அப்புறப்படுத்தும்போது வரிசையாக வரும் நிறங்கள் இவை. பச்சைக்குக் காரணம் பிலிவெர்டின், மஞ்சளுக்குக் காரணம் பிலிருபின். இந்த வரிசையில் இரண்டாம் நாள் காலையில் நான் பார்த்தேனே, அந்த நிறம்தான் லிவிட். சொல் பிறந்த இடம் அதுதான். மற்ற அர்த்தமெல்லாம் அங்கிருந்து கிளம்பி ஊர் சுற்றப் போனவை.

லத்தீனில் 'லிவேரே' என்றால் நீலம் பாய்ந்திருத்தல். அதிலிருந்து 'லிவிடுஸ்', அது பிரெஞ்சில் 'லிவீட்', அங்கிருந்து 15ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதற்கு ஒரே அர்த்தம்தான்: அடிபட்ட தோலின் நிறம், ஈயத்தின் நிறம். கோபம் கீபம் எதுவும் கிடையாது. இத்தாலியனில் இன்றைக்கும் 'லிவிதோ' என்றால் அடிபட்டுக் கன்றிய இடம்தான். மத்தியதரைக் கடலில் பாறை இடுக்குகளில் ஒட்டியிருக்கும், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிளந்து தின்னும் ஊதா நிறக் கடல் முள்ளெலி ஒன்று உண்டு. அதன் அறிவியல் பெயர் 'பாராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ்'. அந்தப் பிராணிக்கு யார் மேலும் கோபமில்லை, நிறம்தான் அப்படி.

ஈய நிறம் என்று அகராதி சொல்வதைப் படித்ததும் நம் வீட்டு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஞாபகத்துக்கு வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். அது வெள்ளீயம், பளிச்சென்று வெள்ளி மாதிரி இருக்கும். அகராதி சொல்வது காரீயம். மீன் வலையின் அடி ஓரத்தில் கோத்திருக்கும் குண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மங்கி, கருத்து, லேசாக நீலம் ஓடும் சாம்பல் நிறம். அதுதான் இங்கே பேச்சு.

லத்தீனில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் இருந்தது, அது பொறாமை. 'லிவோர்' என்றால் கன்றிய நிறம், அதே சொல் பொறாமைக்கும். ரோமானியக் கவி ஓவிட் பொறாமையை ஒரு பெண்ணாக்கி, அவள் எப்படி இருப்பாள் என்று வர்ணிக்கிறார்: பற்களில் ஊத்தை ஏறி நீலம் பாரித்திருக்கிறது, நெஞ்சு பித்தத்தால் பச்சையாகியிருக்கிறது, நாக்கில் நஞ்சு ஊறியிருக்கிறது. பற்களுக்கு அவர் போடும் வினைச்சொல் இந்த 'லிவேரே'தான். ஆங்கிலம் இந்தப் பொறாமை அர்த்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஷேக்ஸ்பியர் பொறாமைக்குப் பச்சைக் கண் வைத்துவிட்டதோடு அங்கே அதற்குப் பச்சைதான் நிலைத்தது. நமக்கோ பொறாமைக்கு நிறமே இல்லை, வயிற்றில் எரியும், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நிறமாக மட்டும் இருந்த காலத்தின் அழகான உதாரணம் மில்டனிடம் இருக்கிறது. 1667இல் வெளியான 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் முதல் காண்டத்தில், சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் நரகத்தைச் சுற்றிப் பார்க்கிறான். வெளிச்சமே இல்லாத வெட்டவெளி. இருக்கும் மங்கல் ஒளியும் 'லிவிட் ஃப்ளேம்ஸ்' தருவதுதான், அதுவும் வெளிறி, பயமுறுத்துவதாக இருக்கிறது. இதை இன்றைய அர்த்தத்தில் படித்து 'சினம் கொண்ட தீச்சுடர்கள்' என்று மொழிபெயர்த்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு. மில்டன் கொஞ்சம் முன்னாலேயே அந்த நெருப்பு எதில் எரிகிறது என்று சொல்லிவிட்டார்: அணையாமல் எரியும் கந்தகம். கந்தகம் எரிந்து பார்த்திருக்கிறீர்களா? மஞ்சள் தூள் உருகிச் சிவந்து, அதன் மேல் ஒரு நீலச் சுடர் ஒட்டிக்கொண்டு நிற்கும். பகலில் கண்ணுக்கே தெரியாது. இந்தோனேசியாவின் இஜென் எரிமலையில் ராத்திரியில் நீல நெருப்பு ஓடுவதைப் பார்க்க ஜனங்கள் மலை ஏறுகிறார்களே, அது கந்தகம்தான். ஆகவே மில்டன் கவித்துவமாக ஏதோ அடித்துவிடவில்லை. நரகத்து எரிபொருளுக்குச் சரியான நிறத்தைத்தான் போட்டிருக்கிறார்.

சரி, இந்த நீலக் கறுப்புக்குள் கோபம் எப்படி நுழைந்தது?

நேராக நுழையவில்லை, இரண்டு தாவல். முதலில் நிறம் கொஞ்சம் நகர்ந்தது. காயத்தின் நீலச் சாம்பலைச் சொன்ன வார்த்தையைச் செத்தவர் முகத்துக்கும், நோயாளி முகத்துக்கும், பயந்தவர் முகத்துக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள். வெள்ளைத் தோலில் ரத்தம் வடிந்தால் மிஞ்சுவது சாம்பல் பூத்த வெளிறல்தான். அப்படி 'லிவிட்' என்பதில் நீலம் குறைந்து வெளிறல் கூடியது. பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் அந்த இடத்திலேயே நிற்கிறார். அவர் ஒருவரை 'லிவீட்' என்று சொன்னால் அந்த ஆள் பயத்திலோ உடம்பு முடியாமலோ வெளுத்துப் போயிருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேயர் அதைக் கேட்டு 'யார் மேல் கோபம்?' என்று விசாரித்தால் கூத்துதான்.

இரண்டாவது தாவல்: கோபத்திலும் முகம் வெளிறும். சாதாரணக் கோபத்தில் முகத்துக்கு ரத்தம் ஏறிச் சிவக்கும். ஆனால் அடிக்கப் போகிற அளவுக்கு உச்சத்தில் இருப்பவருக்குத் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் வெளுப்பதும் உண்டு. அனுபவப்பட்டவர்கள், சிவந்த முகத்தைவிட இந்த வெளுத்த முகத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். அதைத்தான் 'லிவிட் வித் ரேஜ்' என்றார்கள், அதாவது ஆத்திரத்தால் வெளிறிப்போய். இந்தத் தொடர் திரும்பத் திரும்பப் புழங்கி, போகப்போக வால் உதிர்ந்து, 'லிவிட்' மட்டும் நின்றது. வாலில் இருந்த கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தனியாக 'லிவிட்' என்றாலே கடுங்கோபம் என்று ஆனது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஐந்நூறு வருஷத்துச் சொல்லில் கோபத்தின் வயது சுமார் நூறு.

இப்படி நடப்பது நமக்குப் புதிதா என்ன? 'கடுப்பு' என்பது உடம்பு வலி. வயிற்றுக் கடுப்பு, நீர்க்கடுப்பு என்று வைத்தியர் பேசும் சொல். இன்றைக்கு 'செம கடுப்புல இருக்கேன்' என்று காலேஜ் பையன் சொல்லும்போது அவன் வயிற்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 'எரிச்சல்' புண்ணில் இருந்து மனசுக்குப் போனது. உடம்பில் இருந்து மனசுக்கு ஏறும் படிக்கட்டு எல்லா மொழியிலும் இருக்கிறது.

கோபம் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு மூன்றாவது கூத்து நடந்தது. 'லிவிட்' என்றால் கோபம், கோபம் என்றால் முகம் சிவக்கும், ஆகவே 'லிவிட்' என்றால் சிவப்பு என்று ஒரு கூட்டம் பின்னோக்கிக் கணக்குப் போட்டது. குறிப்பாக அமெரிக்காவில் இப்படிப் புழங்க ஆரம்பித்து, அகராதிகளும் 'சிவந்த' என்பதை ஒரு பொருளாக ஏற்றுக்கொண்டன. உங்கள் அகராதியில் நாலு அர்த்தம் இருந்ததற்குக் காரணம் இதுதான். அவை நாலு தனித்தனி அர்த்தங்கள் அல்ல, ஒரே சொல் பயணம் போன வழியில் இருக்கும் நாலு நிறுத்தங்கள்: கன்றல், வெளிறல், கோபம், சிவப்பு. கடைசி நிறுத்தம் எனக்குப் பிடிக்காது, என் எழுத்தில் பயன்படுத்தவும் மாட்டேன். ஆனால் நாலு பேர் எழுதியிருந்தால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் சொல்கிறேன்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. நிறச் சொல் கோபச் சொல்லாக இருப்பது நம் இலக்கணத்தின் அடிவாரத்திலேயே எழுதியிருக்கிறது. தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா: 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள.' கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லுக்கும் பொருள் கோபம். அடுத்த நூற்பாதான் வேடிக்கை: 'நிறத்துரு உணர்த்தற்கும் உரிய என்ப.' அதாவது, அவை நிறத்தைக் குறிக்கவும் வரும் என்று சொல்வார்கள். முதலில் கோபம், அப்புறம் போனால் போகிறது என்று நிறம்! உண்மையில் உரியியல் பொதுவாக வெளிப்படையாகப் பொருள் தெரியாத சொல்லுக்குத்தான் விளக்கம் சொல்லும். நிறம் எல்லோருக்கும் தெரியும், கோபம்தான் சொல்லித் தர வேண்டியது, அதனால் இந்த வரிசை. நிறத்துக்கு உதாரணமாக உரைகாரர் காட்டுவது 'கறுத்த காயா', 'சிவந்த காந்தள்'. கோபத்துக்குக் காட்டுவது 'நீ சிவந்து இறுத்த நீரழி பாக்கம்' என்ற பதிற்றுப்பத்து வரி. நீ சினந்து சென்று தங்கியதால் வளம் அழிந்துபோன ஊர்கள் என்று இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பார்த்துப் புலவர் சொல்வது. அந்தச் 'சிவந்து' என்பதை நிறமாகப் படித்தால் சேரன் வெயிலில் சிவந்து போய் உட்கார்ந்திருந்தான் என்று ஆகும். மில்டனின் நெருப்பைக் கோபமாகப் படிப்பதும், சேரனின் கோபத்தை நிறமாகப் படிப்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம்.

இந்தக் கறுப்பு இன்னும் சாகவில்லை. 'கறுவிக்கொண்டே திரிகிறான்' என்கிறோமே, அந்தக் 'கறுவு' இதன் வாரிசுதான். 'நான் அப்படிச் சொன்னதும் அவள் முகம் கறுத்துவிட்டது' என்று எந்தக் கிராமத்திலும் சொல்வார்கள். நம் தோலில் வெளிறலும் நீலமும் சட்டென்று தெரியாது. உடம்பில் நீலம் பாய்கிறதா என்று பார்க்க டாக்டர்கூட உதட்டையும் நாக்கையும் நகக் கண்ணையும்தான் பார்ப்பார். நம் முகம் மாறினால் கறுத்த மாதிரிதான் இருக்கும், அதனால் நம் மொழியும் கறுப்பைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் 'லிவிட்' என்பதற்கு அச்சு அசலான உடன்பிறப்பு வேறு ஒன்று. இவ்வளவு நேரம் இதை எழுதும்போதே எத்தனை தடவை பயன்படுத்திவிட்டேன் பாருங்கள்: 'கன்றுதல்'. அடிபட்ட இடம் கன்றும், வெயிலில் முகம் கன்றும், பாரம் தூக்கிய தோள் கன்றும். பழைய அகராதியைப் புரட்டினால் அதே சொல்லுக்குச் சினக்குறிப்புக் கொள்ளுதல் என்றும் பொருள் இருக்கும். தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு அகராதியும் வேண்டாம்: 'அவமானத்தில் அவள் முகம் கன்றிச் சிவந்தது' என்ற வரி வாராவாரம் வந்துகொண்டிருந்ததுதானே. அடியின் நிறமும் மனசின் அடியும் ஒரே வினைச்சொல்லில். ஆங்கிலம் ஐந்நூறு வருஷம் சுற்றி வந்த இடத்தில் நாம் ஏற்கெனவே பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது நான் விழுந்த கதை. மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதை ஒன்று கையில் கொடுத்தார்கள். ஒருத்தன் ராத்திரி கதவைத் திறக்கிறான், வெளியே நிற்பவனின் முகம் 'லிவிட்'. நான் யோசிக்கவே இல்லை. 'வெளியே நின்றவனின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது' என்று எழுதிவிட்டேன். அடுத்த பத்தியில் வந்தவன் நாற்காலியில் சரிகிறான், தண்ணீர் கேட்கிறான், கை நடுங்குகிறது. நான் அதையும் ஆத்திர நடுக்கம் என்றே நினைத்து, ஒரு 'பற்களை நறநறவென்று கடித்தான்' வேறு என் கைச்சரக்காகச் சேர்த்திருந்தேன். பிரதியைப் பார்த்த மூத்த ஆசிரியர் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'இவ்வளவு கோபமாக வந்தவன் ஏன் யாரையும் திட்டவே இல்லை?' போய்ப் படித்தால், ஆள் வழியில் ஒரு பிணத்தைப் பார்த்துவிட்டு அரண்டு ஓடி வந்திருக்கிறான். அவன் முகம் வெளிறி, ஈயம் பூசியது போல இருக்கிறது. 'முகத்தில் ஈயாடவில்லை' என்று எழுதியிருந்தால்கூடப் பாதியாவது பொருந்தியிருக்கும். (அந்த ஈ பறக்கிற ஈ, ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

பிணம் என்றதும் இன்னொன்று. நிற அர்த்தம் இன்றைக்கும் பிசகாமல் நிற்கும் ஓர் இடம் பிரேதப் பரிசோதனை அறிக்கை. இதயம் நின்றதும் ரத்தம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டுக் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடந்தால் முதுகில், தூக்கில் தொங்கினால் கால்களிலும் கைகளிலும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடம் ஊதா பாரிக்கும். தரையோடு அழுந்தியிருக்கும் தோள்பட்டை, பிட்டம், கெண்டைக்கால் மட்டும் ரத்தம் புக இடமில்லாமல் வெளுப்பாகவே நிற்கும். பல மணி நேரம் போனபின் அந்த நிறம் அங்கேயே தங்கிவிடும், உடம்பைப் புரட்டினாலும் இடம் மாறாது. குப்புறக் கிடந்த உடலின் முதுகில் இந்த ஊதா இருந்தால், யாரோ அப்புறம் புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று போலீஸுக்குத் தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடு புகையில் செத்திருந்தால் ஊதா வராது, செர்ரிப் பழச் சிவப்பு வரும். இதற்கு லத்தீனில் 'லிவோர் மார்ட்டிஸ்', ஆங்கிலத்தில் 'லிவிடிட்டி'. இந்தப் பெயர்ச்சொல்லுக்குள் கோபம் நுழையவே இல்லை, நிறம் மட்டும்தான். ஒரு முறை சரிபார்க்க வந்த வரைவில் 'இறந்தவரின் முதுகுப் பகுதியில் சினம் நிலைபெற்றிருந்தது' என்று படித்தேன். செத்தும் ஆறாத கோபம்! மனிதர் செய்தாரா மெஷின் செய்ததா தெரியாது, ஆனால் நீதிமன்றத்துக்குப் போகிற காகிதம் அது.

அடுத்து, நீங்களே இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டி வந்தால் கவனிக்க வேண்டியவை. உச்சரிப்பு 'லிவிட்', அழுத்தம் முதல் அசையில். 'லைவிட்' அல்ல. இது உச்சத்தில் இருக்கும் சொல். ஏற்கெனவே கொதிநிலையில் இருப்பதால் 'வெரி லிவிட்' என்பது காதுக்கு ஒட்டாது; 'அப்சல்யூட்லி லிவிட்' என்பார்கள். நாம் 'ரொம்பக் கொந்தளித்தார்' என்று சொல்வதில்லையே, அதே காரணம். ஒரு விஷயத்தின் மேல் கோபம் என்றால் 'அபவுட்' அல்லது 'அட்', ஓர் ஆளின் மேல் என்றால் 'வித்'. ஆனால் பக்கத்தில் 'ரேஜ்' வந்தால் 'லிவிட் வித் ரேஜ்' என்பதில் உள்ள 'வித்' ஆளைக் காட்டுவதில்லை, காரணத்தைக் காட்டுகிறது. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெரும்பாலும் நடந்து முடிந்த கதையைச் சொல்லும்போதுதான் இது வரும். சினேகிதியிடம் போனில், 'நேத்து அவன் பண்ணின காரியத்துக்கு ஐ வாஸ் லிவிட்' என்கிற மாதிரி. மேலதிகாரிக்கு எழுதும் புகார்க் கடிதத்தில் 'ஐ ஆம் லிவிட்' என்று எழுதினால் விஷயம் பின்னால் போய் உங்கள் மூஞ்சிதான் முன்னால் நிற்கும். அங்கே வருத்தம், அதிருப்தி என்று அடக்கி எழுதுவதே வேலைக்கு ஆகும்.

'ஃப்யூரியஸ்' என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்து கேட்பீர்கள். ஃப்யூரியஸ் ஆனவர் கத்துவார், தட்டைத் தூக்கி எறிவார். அந்தச் சொல்லை வேகத்துக்கும் போடலாம், புயலுக்கும் போடலாம். 'லிவிட்' கோபம் மனுஷனுக்கு மட்டும்தான். புயல் லிவிட் ஆகாது. வானத்தை அப்படிச் சொன்னால் அது மழைக்கு முந்திய அந்தக் கன்றிய நிறம். அப்புறம், லிவிட் ஆனவர் கத்தித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். சொல்லின் அடியில் இன்னமும் ஒரு முகம் இருக்கிறது, அந்த முகத்தில் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவு போதும். அதனால் 'ருத்ர தாண்டவம் ஆடினார்' என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சம்மதமில்லை, அதில் ஆட்டம் அதிகம். 'கடுப்பானார்' போதாது, பஸ் லேட்டானாலே நமக்குக் கடுப்பு வரும். 'கொதித்துப் போனார்' பெரும்பாலான இடத்தில் உட்காரும். தன் கதையைத் தானே சொல்பவர் வாயில் 'ஐ வாஸ் லிவிட்' வந்தால், நான் யோசிக்காமல் போடுவது 'எனக்கு வந்ததே கோபம்!' என்பதுதான். அந்த 'வந்ததே'யில் இருக்கும் ஏகாரம் எந்த ஆங்கில வினையடைக்கும் சளைத்ததில்லை.

எழுத்துப் பிழையில் அடிக்கடி சிக்குவது 'விவிட்'. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அது உயிர்ப்பான, பளிச்சென்ற என்று அர்த்தம் தரும் சொல், வேரும் வேறு. 'சின்ன வயசு ஞாபகம் லிவிட்டாக இருக்கிறது' என்று விண்ணப்பக் கட்டுரையில் எழுதிய மாணவரை எனக்குத் தெரியும்; ஞாபகம் பளிச்சென்று இருப்பதாகச் சொல்ல வந்து, கன்றிப்போயிருப்பதாகச் சொல்லிவிட்டார். சிலர் விஷயத்தில் அதுவும் உண்மையாக இருக்கலாம் என்பது வேறு. இன்னொன்று 'லூரிட்'. அதுவும் லத்தீனில் வெளிறிய மஞ்சளாகப் பிறந்து, இன்று கண்ணைக் கூசும் நிறத்துக்கும், பத்திரிகைகள் ரத்தம் சொட்ட எழுதும் விவரங்களுக்கும் பெயராகிவிட்டது. ஐரோப்பாவில் வெளிறிய நிறங்களுக்கு ஏதோ சாபம் போலிருக்கிறது, ஒன்றுகூட ஒழுங்காக வெளிறியே இருக்கவில்லை.

இப்போது உங்கள் மூன்றாவது வரி. 'அவன் முகம் லிவிட்டாக இருந்தது.' ஆளைச் சொன்னால் கோபம், தழும்பையோ தோலையோ சுடரையோ வானத்தையோ சொன்னால் நிறம் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். முகம் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே அந்த நாவலின் முன்பக்கத்தைப் புரட்டி, முதலில் வெளியான வருஷத்தைப் பாருங்கள். 1900க்கு முந்தையது என்றால் 'முகம் வெளிறி, சாம்பல் பூத்திருந்தது' என்பதில் தொடங்குங்கள். கோபத்தை எடுத்த எடுப்பில் கொண்டுவர வேண்டாம்; அதே வாக்கியத்தில் 'வித் ரேஜ்' என்றோ 'வித் ஆங்கர்' என்றோ இருந்தால் மட்டும் 'ஆத்திரத்தில் முகம் வெளிறியது' என்று சேருங்கள். புதிய நாவல் என்றால் முன்னும் பின்னும் இரண்டு பத்தி படித்து, அவன் யாரையாவது திட்டுகிறானா, தண்ணீர் கேட்கிறானா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல், எழுத்தாளர் வேண்டுமென்றே மங்கலாக விட்டிருக்கிறார் என்று தோன்றினால், 'அவன் முகம் கன்றிப்போயிருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.